நிலக்கரியும் ஒன்றும் தெரியாத மாமாவும்

ஆறாம் வகுப்புப் படித்த காலத்தில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. வகுப்பில் ஆசிரியை கேள்வியைச் சொல்லி முடிக்குமுன் என் கை மேலே போய்விடும். மைக்ரோவேவ் எப்படிச் சோற்றைச் சூடாக்குகிறது என்று அம்மா கேட்காமலே அம்மாவுக்கு விளக்குவேன். அம்மா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே என்னை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு அதன் கதவைத் திறப்பார். ஆகவே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி என்று அறிவித்தபோது, யார் முதலாவதாக வருவது என்பது என்னளவில் முடிந்துபோன விடயம். என்னத்தைச் செய்வது என்பதுதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் அந்த வின்ரர் குளிரில் அதைவிடப் பெரிய விடயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்து எட்டு மாதமாகியிருந்தது. வோபர்னில் நாங்கள் இருந்த ரவுண்ஹவுஸ் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில், வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கட்டில். அகதிக் கோரிக்கை கொடுத்திருந்தார். ஏப்ரலில் ஹியரிங், அந்தக் கோரிக்கை மீதான விசாரணை. அது சரிவந்தால் மாமா எங்களோடு இருப்பார், சரிவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் நிற்கும் நேரம் அந்த மாதங்களில் இரண்டு மடங்காகியிருந்தது. எனக்கு அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: மாமா ஊரில் என்ன செய்தவர் என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

அது எனக்குக் கஷ்டமாகவே இருக்கவில்லை. உண்மையிலேயே தெரியாது. மாமாவைப் பார்த்தால் எதையும் பெரிதாகச் செய்தவர் மாதிரியும் இல்லை. ஒல்லியாக, வீட்டுக்குள்ளும் ஜக்கெற்றோடு இருப்பார். யாராவது கதவைத் தட்டினால் பேஸ்மென்ற் படியில் பாதியில் நின்று, வந்தது யார் என்று தெரிந்த பிறகுதான் மேலே வருவார். அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "எனக்கு உதொண்டும் தெரியாது பிள்ளை" என்பதுதான். ரிவி ரிமோட்டைப் பற்றிக் கேட்டாலும் அதுதான், பஸ் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டாலும் அதுதான். எல்லாம் தெரிந்த ஒரு பிள்ளைக்கு ஒன்றும் தெரியாத ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குள்ளேயே கிடைத்தால் வேறென்ன வேண்டும். நான் மாமாவுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். அவரும் சமர்த்தாக உட்கார்ந்து கேட்டார்.

வகுப்பில் பாதிப்பேர் எரிமலை செய்வதாக இருந்தார்கள். அப்பச்சோடாவுக்குள் வினாகிரியை ஊற்றி நுரை வரவைப்பது. அதெல்லாம் நான் மூன்றாம் வகுப்பிலேயே முடித்துவிட்ட சங்கதி. நூலகத்தில் எடுத்த பழைய புத்தகம் ஒன்றில் நிலக்கரியைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. காற்றுப் படாமல் சூடாக்கினால் நிலக்கரி எரியாது, பிரிந்துபோகும் என்று அதில் போட்டிருந்தது. நிலக்கரி என்றால் வெறும் காபன் இல்லை. ஐதரசன், ஒட்சிசன், கொஞ்சம் நைதரசன், கொஞ்சம் கந்தகம் எல்லாம் காபனோடு பின்னிக்கொண்டு கிடக்கின்றன. சூடு ஏற ஏற அந்தப் பின்னல் விட்டுப்போகும். முதலில் ஈரம் போகும். பிறகு கரி இளகிப் பொங்கும், எரியக்கூடிய வாயுவும் தாரும் ஆவியாக வெளியே வரும். கடைசியில் மிஞ்சுவது கோக் என்ற சாம்பல்நிறக் கட்டி. அது புகையில்லாமல் எரியும், அதை வைத்துத்தான் இரும்பு உருக்குகிறார்கள். மின்சாரம் வருமுன் பட்டணங்களில் தெருவிளக்குகள் எரிந்ததும் இந்த வாயுவில்தானாம். எரிமலைக்காரர்களை நினைத்து நான் பரிதாபப்பட்டேன்.

அப்பா ட்ரக் ஓடுபவர். ஹமில்டனுக்கு அப்பால் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் ஓர் இடத்தில் கேட்டு ஒரு பை நிலக்கரி கொண்டுவந்து தந்தார். ஒரு சனிக்கிழமை, பின்வளவுப் பனியைத் தள்ளிவிட்டு, பார்பிகியூ அடுப்பில் என் முதலாவது பரிசோதனையை நடத்தினேன். வெறும் பால்மாத் தகர ரின்னுக்குள் கரியைப் போட்டு, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, கீழே நெருப்பை முழுதாகத் திறந்துவிட்டேன். முதலில் மஞ்சள் புகை வந்தது. பிறகு தாள் பொத்துக்கொண்டது. அதன்பிறகு கரி சாதாரணக் கரி போலவே சிவந்து எரிந்து சாம்பலானது. வாயுவும் இல்லை, கோக்கும் இல்லை. அப்பா கொண்டுவந்த கரி சரியில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

மாமா பின்கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடி வடிவா மூடேல்லைப் போல. காத்துப் போயிருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, "எனக்கு உதொண்டும் தெரியாது, சும்மா சொன்னனான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் அம்மா ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது மாமா அதில் ஒரு பிடி கிள்ளி எடுத்தார். முதல்நாள் சாம்பலையும் உப்பையும் அதற்குள் போட்டுப் பிசைந்தார். புதிய பால்மா ரின் ஒன்றுக்குள் கரியை நிரப்பி மூடியை இறுக்கி, புட்டுக்குழலுக்கும் பானைக்கும் இடையில் ஆவி போகாமல் துணி சுற்றுவதுபோல, அந்த மாவை விளிம்பைச் சுற்றி அப்பினார். கரியும் முதல்நாள் போல பெரிய கட்டிகளாக இல்லை. கடலையளவுக்கு ஒரே சீராக உடைந்திருந்தது. அதை எப்போது உடைத்தார் என்று நான் பார்க்கவில்லை. நான்தான் உடைத்தேன் என்று பிறகு எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அம்மா மாச்சட்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீ உதுக்குள்ளை போகாதை. ஹியரிங் முடியட்டும்."

"நான் சும்மா சாமானைத் தூக்கிக் குடுக்கிறன் அக்கா. பிள்ளைதான் செய்யிறாள்."

ஓம், நான்தான் செய்கிறேன் என்று நானும் சொன்னேன். அம்மா மாவைத் திரும்பக் குழைக்கத் தொடங்கினார்.

ரின்னின் மூடியில் ஒரு துளை இருந்தது. அதற்குள் பழைய ஏசி ஒன்றிலிருந்து அப்பா வெட்டித் தந்த செம்புக் குழாய். குழாயின் மற்ற முனை ஒரு ஜாம் போத்தலுக்குள் போனது. போத்தலைப் பனிக்குள் புதைத்து வைத்தோம், ஆவி குளிர்ந்து தாராகட்டும் என்று. போத்தலின் மூடியில் இன்னொரு சின்னத் துளை, குளிராமல் மிஞ்சும் வாயு வெளியே வர. இதையெல்லாம் புத்தகப் படத்தைக் காட்டி நான் உத்தரவு போட, மாமா செய்தார். சில இடங்களில் உத்தரவு வருமுன்னமே செய்துவிட்டார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நல்ல உதவியாளர் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும். அப்பாவின் கமராவை ஒரு கதிரையில் வைத்து, மா அப்பியதிலிருந்து எல்லாவற்றையும் பதிவுசெய்தோம். பள்ளிக்கூட ஜிம்முக்குள் நெருப்புக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போத்தலின் அடியில் கறுப்பாக ஏதோ சொட்டத் தொடங்கியது. மேல் துளையால் மங்கலாகப் புகை வந்தது. நான் லைற்றரோடு பாய்ந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டுத் தடுத்தது அதுதான் முதல் தடவை.

"பொறு. உள்ளுக்கை இருக்கிற காத்து முழுக்கப் போகட்டும். இப்ப கொளுத்தினால் போத்தல் வெடிக்கும்."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாதது. அதில் "சும்மா சொன்னனான்" இல்லை. மாமாவுக்கு நெருப்பென்றால் பயம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, புகையைக் கையால் மெல்ல மூக்குப் பக்கம் விசிறி முகர்ந்து பார்த்தார். போத்தலுக்கு மேலே குனியவில்லை, கையால் விசிறித்தான். பிறகு தலையசைத்தார். நான் லைற்றரை நீட்டினேன். துளையின் வாயில் ஒரு விரல் உயரத்துக்கு மஞ்சளும் நீலமுமாக ஒரு சுடர் பற்றிக்கொண்டு நின்றது.

என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல நாட்கள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தச் சுடரைப் பார்த்தபோது வந்த சந்தோசம் பிறகு அதிகம் வரவில்லை. கறுத்த கல்லுக்குள்ளிருந்து நெருப்பைப் பிரித்தெடுத்து, குழாய்க்குள்ளால் நடத்திக்கொண்டு வந்து, நான் சொன்ன இடத்தில் நிற்க வைத்திருந்தேன். மாமாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். போத்தலில் தாருக்கு மேலே நின்ற மஞ்சள் தண்ணீரில் சிவப்பு லிற்மஸ் தாளை நனைத்தேன், நீலமாகியது. "அமோனியா" என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். நிலக்கரியிலிருந்த நைதரசன் இப்படித்தான் வெளியே வரும் என்றேன். "ஓ, அப்பிடியோ" என்றார். மறுநாள் ரின்னைத் திறந்தால், கடலை கடலையாகப் போட்ட கரி இளகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தது. பாண் துண்டு மாதிரி உள்ளே முழுக்கச் சின்னத் துளைகள், வெள்ளி படிந்த சாம்பல் நிறம், தூக்கினால் பாரமே இல்லை. மாமா அதை நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு நான் பார்ப்பதைக் கண்டு கீழே வைத்துவிட்டார்.

கண்காட்சி மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. அம்மாவுக்கு வேலை, அப்பா ட்ரக்கோடு எங்கோ தூரத்தில். சாமான்களைத் தூக்கிக்கொண்டு வர மாமாவை விட்டால் ஆளில்லை. கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே நிற்கும்படி அம்மா அவருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் வெளியே குளிர் பொறுக்க முடியாமல் இருந்தது. மாமா வெறும் பெட்டியைக் கையில் பிடித்தபடி என் அட்டைப்பலகைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றார். முன்னால் நான். என் மேசையில் நிலக்கரி, தார், கோக் என்று மூன்று போத்தல்கள், அப்பாவின் லாப்ரொப்பில் வீடியோ.

நடுவராக வந்தவர் வயதான வெள்ளைக்காரர். இரும்பு ஆலையொன்றில் கோக் அடுப்புகளோடு முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர் என்று தானே சொன்னார். கோக்கைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார், தார்ப் போத்தலைத் திறந்து முகர்ந்தார். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். நான் ஒன்றையும் விடவில்லை. கரி ஏன் பொங்கியது, வாயுவில் என்னென்ன இருக்கும், கோக் ஏன் புகைக்காது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். முதல் பரிசு என் பைக்குள் வந்துவிட்டது என்றுதான் நின்றேன். பிறகு அவர் வீடியோவைப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். திருப்பிப் போடச் சொன்னார். இன்னொருமுறையும் திருப்பிப் போடச் சொன்னார்.

மாவை விளிம்பில் அப்பி, ஈர விரலால் சுற்றி வழித்து, எங்கே வெடிப்பிருக்கிறது என்று தடவிப் பார்க்கும் கைகள். என் மணிக்கட்டைப் பிடிக்கும் கை. புகையை விசிறி முகரும் கை.

"இது யாருடைய கை?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் தலைக்கு மேலால் மாமாவைப் பார்த்தார். "ஐயா, உங்கள் நாட்டில் நீங்கள் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்தவரா?" என்று, சந்தோசமாக, தன்னுடைய ஆள் ஒருவரைக் கண்டுபிடித்தவர் போலக் கேட்டார்.

மாமாவின் முகத்தில் இரத்தம் இல்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

அம்மாவின் கட்டளை அந்த நேரம் எனக்கு நினைவிலேயே இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நினைவிலிருந்தது புள்ளிப் பட்டியல் மட்டும்தான். சொந்த முயற்சிக்குப் பத்துப் புள்ளி, பெரியவர்கள் செய்துகொடுத்தால் குறையும்.

"இல்லை" என்றேன் ஆங்கிலத்தில், நல்ல சத்தமாக. "அவருக்கு விஞ்ஞானம் ஒன்றும் தெரியாது. அவர் சாமான் தூக்க வந்தவர்."

நடுவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். திரையில் நிறுத்தி வைத்திருந்த கைகளை இன்னொருமுறை பார்த்தார். பிறகு "அப்படியா, நல்லது" என்று சொல்லி, மாமாவுக்குக் கைகொடுத்துவிட்டு, தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஓர் எரிமலைக்குப் போனது.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எனக்கு எரிமலையைவிட மற்ற விடயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"பிள்ளை, நீ சொன்னதை அந்த மனிசன் நம்பினவரோ?"

எனக்குக் காது சுட்டது. ஒரு சொல் விடாமல் விளங்கியிருக்கிறது. "ஓம் மாமா" என்றேன் தலையைக் குனிந்துகொண்டு.

"வடிவாத் தெரியுமோ? நம்பினவரோ?"

"நம்பினவர்."

மாமா பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார், கண் கலங்கும்வரை சிரித்தார். பக்கத்துக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போய் எனக்கு ஹொட் சொக்லேற் வாங்கித் தந்தார். என் புள்ளி குறைந்துவிடுமோ என்றுதான் அவர் கவலைப்பட்டிருக்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு நல்ல மனிதரின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னேனே என்று நினைத்து அந்த ஹொட் சொக்லேற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரலில் மாமாவின் ஹியரிங் சரிவந்தது. அம்மா அழுதார், அப்பா ஊரெல்லாம் போன் எடுத்தார். நிலக்கரிக்கும் எனக்கும் இருந்த உறவு அதோடு முடிந்தது. இன்றைக்கு நான் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மாமா ரெக்ஸ்டேலில் பெயின்ற் தொழிற்சாலையொன்றின் ஆய்வுகூடத்தில் இருக்கிறார். வீடு நகரத்தின் மறுகோடிக்கும் அப்பால், விட்பியில், புதுக் குடியிருப்பில். நெடுஞ்சாலையைத் திட்டாமல் அவர் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, மாமா கல்யாணம் செய்த மாமியை இங்கே வரவழைப்பதற்கான படிவங்களை நான்தான் நிரப்பினேன். அதற்காகப் பழைய கோப்பைத் தந்தார். அதற்குள் அவருடைய அகதிக் கோரிக்கையின் வாக்குமூலம் இருந்தது. தேதி தேடி எடுத்தவள் முழுவதையும் வாசித்தேன். மாமா ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். ஆசிரியர் இல்லாத வருடங்களில் உயர்தர வகுப்புக்குச் செய்முறை முழுக்கக் காட்டியவரும் அவர்தான். போர் முடிந்து சனத்தோடு முகாமுக்குப் போனபோது அவருடைய பொக்கெற்றில் ஆய்வுகூடத்துப் பூட்டின் திறப்பு இருந்திருக்கிறது. இரசாயனம் தெரிந்தவனுக்கு வேறென்னவும் தெரிந்திருக்கும் என்று ஆர்மிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். எதை எதோடு கலந்தாய், எதைச் சூடாக்கினால் என்ன வரும், யாருக்குச் செய்து கொடுத்தாய் என்று பதினாலு மாதம் கேட்டார்கள். தான் போத்தல் தூக்கிக் கொடுக்கிறவன், தனக்கு ஒன்றும் தெரியாது என்று பதினாலு மாதமும் மாமா சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவை சொன்ன பிறகும் என்ன நடந்தது என்பது இரண்டு பக்கம் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கோப்பைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றைக்கே மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். புள்ளிக்காகத்தான் அப்படிச் சொன்னேன், உங்களைக் காப்பாற்றச் சொல்லவில்லை, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் உண்மையாகவே நினைத்திருந்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். மாமா கோப்பை வாங்கி மேசையில் வைத்தார்.

"உதுக்கு ஏன் அழுகிறாய்? நான் பதினாலு மாசம் சொன்னன், ஒருத்தனும் நம்பேல்லை. நீ ஒருக்காச் சொன்னனீ, அந்த மனிசன் உடனை நம்பிட்டுது. அண்டைக்குத்தான் பிள்ளை எனக்கு இஞ்சை இருக்கலாம் எண்டு ஒரு தைரியம் வந்தது."

நடுவர் என் புள்ளித் தாளில் எழுதியிருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

கண்காட்சி முடிந்த அடுத்த கிழமை புள்ளித் தாள்களை வகுப்பில் திருப்பித் தந்தார்கள். என் தாளில் எல்லா வரிக்கும் நேரே பத்து, சொந்த முயற்சி என்ற வரிக்கு மட்டும் ஏழு. அடியில் பென்சிலால் அந்த நடுவர் இப்படி எழுதியிருந்தார்: உன் சாமான்களைத் தூக்கி வந்தவரிடம் சொல், மூடியை அவர் அடைத்திருந்த விதம் மிக நன்றாக இருந்தது. நான் அந்தத் தாளை நாலாகக் கிழித்து மறுசுழற்சிப் பெட்டிக்குள் போட்டேன். எனக்கு மூன்று புள்ளியை வெட்டிவிட்டு, பெட்டி தூக்க வந்தவரைப் பாராட்டுகிறாரே, இந்த மனிதருக்கு என்ன விசரா என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.